எந்த முணுமுணுப்பு?

ஆங்கில-தமிழ் அகராதியில் மட்டர், மம்பிள், மர்மர் என்ற மூன்று வினைச்சொற்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் எதிரே ‘முணுமுணு’ என்றே இருக்கும். அகராதியைக் குறை சொல்ல முடியாது. மூன்றுமே தாழ்ந்த குரலில் வருபவைதான். ஆனால் ஓர் ஆங்கிலக் கதையில் கணவன் மட்டர் செய்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ எரிச்சல். மம்பிள் செய்கிறான் என்றால் வாயைச் சரியாகத் திறக்கவில்லை. மர்மர் செய்கிறான் என்றால் மனைவிக்கு மட்டும் கேட்கும்படி அன்பாக ஏதோ சொல்கிறான். மூன்று இடத்திலும் ‘முணுமுணுத்தான்’ என்று எழுதிவிட்டால், பாவம், அந்த ஆள் கதை முழுக்கச் சிடுமூஞ்சியாகவே உலவ வேண்டியதுதான்.

பேச்சையும் ஒலியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். தமிழ்ப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் தீராது. பேச்சைக் குறிக்கும் சொல் என்றால் ‘இது யார் காதில் விழ வேண்டும்?’ என்று கேளுங்கள். வெறும் ஒலி என்றால் ‘எது எதன்மேல் பட்டது, ஒரு தரமா பல தரமா?’ என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியில் பாதிக்கு மேல் பிரிந்துவிடும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒலிச்சொற்களில் பலவற்றின் பொருள் நாக்கிலேயே பிடிபடும்.

சொன்னான்

தமிழர் ஆங்கிலத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் சே, டெல் இரண்டும்தான். ‘அவன் உடம்பு சரியில்லை என்று சொன்னான்’ என்பதை ‘ஹி டோல்ட் தட்…’ என்று தொடங்குவது நம் ஊரில் எங்கும் காதில் விழும். தவறு எங்கே என்றால், டெல் என்ற வினைக்குப் பின்னால் உடனே ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். ‘ஹி டோல்ட் மீ தட்’, ‘ஹி டோல்ட் ஹிஸ் மதர் தட்’. ஆள் இல்லையென்றால் ‘ஹி செட் தட்’. தமிழில் ‘சொன்னான்’ என்பது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசையாமல் நிற்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோவதால்தான் இந்தப் பிழை.

பிழை வராமல் இருக்க ஒரு வழி உண்டு. தமிழ் வாக்கியத்தில் ‘யாரிடம்’ என்பதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘என்னிடம் சொன்னான்’ என்றால் டெல். ‘சொன்னான்’ என்று மட்டும் இருந்தால் சே. ‘செட் டு மீ’ என்பதும் சரிதான். ஆனால் சொன்ன வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் அப்படியே தரும்போதுதான் அது பொருந்தி வரும். ‘ஹி டோல்ட் டு மீ தட்’, ‘ஹி செட் மீ தட்’ இரண்டும் எங்கேயும் ஒப்பாது.

‘வரச் சொன்னான்’, ‘உட்காரச் சொன்னார்’ என்று தமிழில் செய எச்சத்தோடு சொல் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு டெல் போடலாம்: ‘டோல்ட் மீ டு கம்’. கட்டளை என்றாலே அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா?

ஆள் இல்லாமலும் டெல் வரும் சில இடங்கள் உண்டு. உண்மை, பொய், கதை, நகைச்சுவைத் துணுக்கு ஆகியவற்றை டெல்தான் செய்ய வேண்டும். ‘சே எ லை’ என்று யாரும் சொல்வதில்லை. அதே மாதிரி, குழந்தைக்கு மணி பார்க்கத் தெரிந்துவிட்டது என்றால் ‘டெல் தி டைம்’. இரட்டையரில் யார் யார் என்று தெரியவில்லை என்றால் ‘ஐ காண்ட் டெல்’. இதில் பேச்சே இல்லையே என்று தோன்றும். டெல் என்ற சொல்லின் பழைய பொருள் எண்ணுவது, கணக்கிடுவது. வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு டெல்லர் என்று பெயர் வந்தது அதனால்தான். மொத்தத்தில் என்று சொல்ல ‘ஆல் டோல்ட்’ என்பதும் அந்த வழியில் வந்ததே. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது பிறகு கதை சொல்வதாக, சேதி சொல்வதாக விரிந்தது. தமிழில் ‘எண்ணு’ என்ற சொல் கணக்கிடுவதையும் நினைப்பதையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணும் சொல் வாயை நோக்கிப் போயிருக்கிறது.

ஸ்பீக், டாக் இரண்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவு பெரிதல்ல. ஒரு மொழி தெரியும் என்று சொல்ல ஸ்பீக்: ‘ஐ ஸ்பீக் டமில்’. அங்கே ‘டாக் டமில்’ பொருந்தாது. ஒருவர் மேடையில் நின்று பேசினால் ஸ்பீக், இருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் டாக். தொலைபேசியில் முன்பின் தெரியாதவரிடம் ‘மே ஐ ஸ்பீக் டு…’ என்றால் மரியாதை தானாக வந்துவிடும். அதே சமயம் மேலதிகாரி ‘ஐ நீட் டு ஸ்பீக் டு யூ’ என்றால் வயிற்றில் சற்றுப் புளி கரைக்கும். ‘லெட்ஸ் டாக்’ என்றால் அவ்வளவு பயமில்லை. பெயர்ச்சொல்லிலும் இதே வேறுபாடுதான். ஸ்பீச் என்பது எழுதி வைத்துக்கொண்டு ஆற்றும் உரை, டாக் என்பது சபையோடு பேசுவதுபோன்ற உரை, டாக்ஸ் என்று பன்மையில் வந்தால் அரசுகளுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை.

ஒரே ஓர் எழுத்தில் சண்டை வந்துவிடும் இடமும் இருக்கிறது. ‘ஐ ஹேட் எ வேர்ட் வித் ஹிம்’ என்றால் அவரிடம் ஒரு நிமிஷம் பேசினேன். ‘ஐ ஹேட் வேர்ட்ஸ் வித் ஹிம்’ என்றால் அவரோடு வாய்த்தகராறு. நம் பேச்சிலும் ‘ஒரு வார்த்தை பேசணும்’ என்பதற்கும் ‘வார்த்தை முத்திப்போச்சு’ என்பதற்கும் இதே தூரம்தான். ஒருமை சமாதானம், பன்மை சண்டை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

‘பற்றி’ என்ற சொல் ஆங்கிலத்தில் நம்மை மாட்டிவிடும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலிருந்து ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ பிறக்கிறது. டிஸ்கஸ், மென்ஷன், டிஸ்க்ரைப் ஆகிய மூன்றின் வயிற்றிலேயே ‘பற்றி’ இருக்கிறது. வெளியே இன்னொரு அபவுட் வேண்டாம். இதற்கு நேர்மாறாக எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட் இரண்டும் ஆளை நேரே தொடாது: ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’ என்று நடுவில் டு வேண்டும். ரிப்ளை என்றால் டு வேண்டும்; ஆன்சர் என்றால் வேண்டாம். இதற்கெல்லாம் தர்க்கம் தேட வேண்டாம், வாக்கியமாகவே பழக்கிக்கொள்வதுதான் வழி.

செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு கவலை. செட் என்பதற்கு எந்தச் சாயமும் இல்லை. க்ளெய்ம்ட் என்று எழுதினால், ‘அவர் அப்படிச் சொல்கிறார், உண்மையா என்பதற்கு நான் பொறுப்பில்லை’ என்று செய்தியாளர் ஓர் அடி விலகி நிற்கிறார் என்று பொருள். அட்மிட்டட் என்றால் தனக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொண்டார். ரிவீல்ட் என்றால் வெளிவந்த தகவல் உண்மை என்று செய்தியாளரே ஏற்றுக்கொண்டுவிட்டார். நான்கையும் ‘தெரிவித்தார்’ என்று எழுதினால் அந்தச் சாயமெல்லாம் கழுவிப் போய்விடும். க்ளெய்ம்ட் என்பதற்கு ‘உரிமை கோரினார்’ என்று எழுதுவது அதைவிட மோசம். ‘என்கிறார்’ என்றோ ‘என்பது அவர் தரப்பு’ என்றோ எழுதினால் நிழல் விழும்.

மறுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘லஞ்சம் வாங்கியதை மறுத்தார்’ என்றால் டினைட். ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்றால் ரெஃப்யூஸ்ட். முன்னது நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை இல்லை என்பது, பின்னது செய்யமாட்டேன் என்பது. ரெஃப்யூட் என்பது மூன்றாவது. ஆதாரம் காட்டி ஒரு கூற்றைப் பொய் என்று நிறுவினால்தான் அது பொருந்தும். வெறுமே ‘இல்லை’ என்று சொன்ன அமைச்சருக்கு ரெஃப்யூட்டட் போட்டால், செய்தியாளரே அவருக்கு நற்சான்று கொடுத்ததாகிவிடும்.

கேட்டான்

கேள் என்ற நம் வினை ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது: ஹியர், லிசன், ஆஸ்க். பலரும் தமிழில் இந்த வேறுபாடே இல்லை என்று நினைக்கிறார்கள். இருக்கிறது, சொல்லில் இல்லை, வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘எனக்குப் பாட்டுக் கேட்கிறது’ என்றால் அது தானாக வந்து காதில் விழுகிறது. அதுதான் ஹியர். ‘நான் பாட்டுக் கேட்கிறேன்’ என்றால் மனம் வைத்துச் செய்கிறேன். அதுதான் லிசன். ‘எனக்கு’ என்று தொடங்கினால் ஹியர், ‘நான்’ என்று தொடங்கினால் லிசன் என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தவறு வராது. மிச்சம் இருப்பது ஆஸ்க். அது ‘அவரிடம் கேட்டேன்’ என்று ஆளோடு வரும்.

இதிலிருந்தே இன்னொரு விதியும் கிடைக்கும். ‘எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது’ என்று இழுத்துச் சொல்வது நமக்கே அபூர்வம். அதே போல ‘ஐ ஆம் ஹியரிங் மியூசிக்’ என்பதும் ஆங்கிலத்தில் இயல்பாக வராது. ‘ஐ கேன் ஹியர்’ என்பார்கள். லிசனுக்குத் தடையில்லை: ‘ஐ ஆம் லிசனிங் டு மியூசிக்’. நடுவில் வரும் டு விட்டுப்போகக் கூடாது. சொல்லின் நடுவே உள்ள டி எழுத்து ஒலிக்கவும் கூடாது.

காணொளிக் கூட்டங்களில் ‘ஆம் ஐ ஆடிபிள்?’ என்று கேட்பது இந்திய அலுவலகங்களின் வழக்கம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வெளிநாட்டார் காதுக்கு அது ஆய்வுக்கூட வாக்கியம்போல் இருக்கும். அவர்கள் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பார்கள். அங்கே ஹியருக்குப் பதில் லிசன் வந்தால் விபரீதம். ‘ஆர் யூ லிசனிங் டு மீ?’ என்றால் ‘நான் பேசுவது காதில் ஏறுகிறதா இல்லையா?’ என்ற கண்டிப்பு. அம்மா ‘சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்கிறான்’ என்பதும் லிசன்தான்: ‘ஹி வோண்ட் லிசன்’. கேட்பது கீழ்ப்படிவதாக மாறும் இடத்தில் இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன.

தற்செயலாகக் காதில் விழுந்தால் ஓவர்ஹியர். வேண்டுமென்றே ஒட்டுக் கேட்டால் ஈவ்ஸ்டிராப். முன்னதில் குற்றம் இல்லை, பின்னதில் உண்டு. ஈவ்ஸ் என்பது கூரையின் இறவாரம். மழைநீர் இறவாரத்திலிருந்து சொட்டும் இடத்தில், சுவரோரமாக நின்று வீட்டுப் பேச்சைக் கேட்பவனிடமிருந்து வந்த சொல் அது. ‘ஒட்டு’ என்ற நம் சொல் காதைச் சுவரோடு சேர்க்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஆளை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

குரல் இறங்கும்போது

தொண்டைக் குமிழ்மேல் இரண்டு விரல் வைத்துக்கொண்டு ‘வா’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரியும். இப்போது ரகசியம் சொல்வதுபோல் ‘வா’ என்று வெறும் மூச்சில் சொல்லுங்கள். அதிர்வு இராது. அந்த இரண்டாவதுதான் விஸ்பர். குரல்நாண்கள் அதிராமல் காற்று மட்டும் வார்த்தையாக வருவது. எவ்வளவு பலமாகச் செய்தாலும் அது விஸ்பர்தான். தமிழில் கிசுகிசு, குசுகுசு என்று ச வரிசையை நாம் தேர்ந்தெடுத்ததும் இந்த மூச்சொலிக்காகத்தான் இருக்க வேண்டும். பத்திரிகைக் கிசுகிசுவுக்கு மட்டும் விஸ்பர் ஆகாது, அது காசிப்.

மற்ற மூன்றிலும் விரலில் அதிர்வு தெரியும். அவற்றைப் பிரிப்பது கேட்பவர்தான். மட்டர் செய்பவர் தன் சொல் மற்றவருக்கு முழுதாகக் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறார். ஆனால் அதிருப்தி மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. ‘வாய்க்குள் கறுவினான்’ என்று மொழிபெயர்த்தால் கிட்டத்தட்ட அந்த முகம் வந்துவிடும். மம்பிள் செய்பவர் கேட்க வேண்டும் என்றுதான் பேசுகிறார். கூச்சமோ தூக்கமோ பயமோ, உதடு திறக்கவில்லை. ‘மென்று விழுங்கினான்’ என்ற நம் வழக்கு இதற்காகவே செய்துவைத்ததுபோல் பொருந்தும். ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், ம ஒலி வரும்போதெல்லாம் உதடு தானாக மூடிக்கொள்ளும்.

மர்மரில் கோபம் கட்டாயமில்லை. காதலர் பேச்சு, தூக்கத்தில் குழந்தை சொல்லும் ஒரு சொல், ஓடைநீர் ஓடுவது எல்லாம் மர்மர்தான். கூட்டத்தில் எழும் மர்மர் என்றால் ‘சலசலப்பு’. ‘வித்தவுட் எ மர்மர்’ என்று வந்தால் மட்டும் ‘முணுமுணுக்காமல்’ என்று எழுதலாம்; முறையீடு என்ற பழைய பொருள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் இதயத்தில் மர்மர் இருக்கிறது என்றால், வழக்கமான லப்-டப் ஒலிகளுக்கு நடுவே ரத்தம் சுழன்று பாயும் கூடுதல் ஒலி கேட்கிறது என்று பொருள். அதை ‘இதய முணுமுணுப்பு’ என்று எழுதுவதற்குப் பதில் ‘இதய இரைச்சல்’ என்று எழுதினால் நோயாளிக்குப் புரியும்.

குரல் ஏறும்போது

கத்தினான் என்பது மோசமான மொழிபெயர்ப்பு அல்ல. ஆனால் பஞ்சத்தில் அடிபட்டது. ஷவுட் என்றால் பெரும்பாலும் வார்த்தை இருக்கும். ஸ்கிரீம் என்றால் வார்த்தை இல்லாமலும் போகலாம், குரல் உச்சத்தில் இருக்கும், காரணம் பயம் அல்லது வலி அல்லது கட்டுக்கடங்காத உற்சாகம். ‘அலறினாள்’, ‘வீறிட்டாள்’ என்றெல்லாம் வருவது அங்கேதான். ஷ்ரீக் அதைவிடக் குறுகியது, கூர்மையானது. பல்லி மேலே விழுந்தால் வருவது. யெல் என்பது ஷவுட்டுக்கு முரட்டுத் தம்பி, அமெரிக்கர் பேச்சில் அதிகம் புழங்கும்.

இவற்றைவிட முக்கியமானது பின்னால் ஒட்டும் சிறு சொல். ‘ஷவுட் டு’ என்றால் ஆள் தூரத்தில் இருக்கிறார், கூப்பிட்டுச் சொல்கிறோம். ‘ஷவுட் அட்’ என்றால் ஆள் எதிரே இருக்கிறார், அவர்மேல் பாய்கிறோம். ‘த்ரோ தி பால் டு ஹிம்’ என்றால் பிடித்துக்கொள்ளட்டும் என்று போடுவது. ‘த்ரோ தி பால் அட் ஹிம்’ என்றால் அடிபடட்டும் என்று எறிவது. குரலுக்கும் பந்துக்கும் ஒரே கணக்கு. வயலின் மறுகரையில் நிற்கும் அப்பாவைக் கூப்பிட்ட பையனுக்கு அட் போட்டுவிட்டால், பரீட்சைத் தாளில் அவன் அப்பாவைத் திட்டிவிட்டான்.

பழைய ஆங்கில நாவல்களைப் படிப்பவர்கள் கிரை என்ற சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். மேற்கோள் குறி முடிந்ததும் ‘க்ரைட் ஹி’ என்று வந்தால் அவன் அழவில்லை. உரக்கச் சொன்னான், வியந்து கூவினான். கண்ணீர் என்ற பொருள் இதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. கண்ணீருக்கு வீப் என்றால் சத்தமில்லாமலும் இருக்கலாம். சாப் என்றால் தேம்பல், மூச்சு விட்டுவிட்டு வரும். வெய்ல் என்றால் ஒப்பாரி வீட்டில் கேட்பது. விம்பர் என்பதை நம் ‘விம்மு’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே அழுகையிலிருந்து ஒரே ஒலியை எடுத்திருக்கின்றன.

சத்தம்

சவுண்ட் பொது. நாய்ஸ் என்றால் வேண்டாத ஒலி, அல்லது என்னவென்று தெரியாத ஒலி. நடுராத்திரி ‘ஏதோ சத்தம் கேட்டது’ என்றால் நாய்ஸ். வாய்ஸ் மனிதரின் தொண்டையிலிருந்து வருவது மட்டும். ‘சத்தமாகப் பேசு’ என்பதற்கு ‘ஸ்பீக் அப்’. ‘மேக் நாய்ஸ்’ என்று சொல்லிவிட்டால் வகுப்பு ரெண்டுபடும். ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சவுண்டும் வாய்ஸும் நம் ஊரில் வேறு வேலை பார்க்கின்றன: ‘சவுண்டு விடாதே’ என்றால் வெற்று மிரட்டல் வேண்டாம், ‘வாய்ஸ் கொடுத்தார்’ என்றால் ஆதரவு தெரிவித்தார். ஆங்கிலத்தில் பேசும்போது இந்தப் பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

‘ரீட் அலவுட்’ என்றால் வாய்விட்டுப் படி. குரல் மெல்லியதாக இருந்தாலும் சரி. ‘ரீட் லவுட்லி’ என்றால் உரக்கப் படி. ஆசிரியர் கேட்பது பெரும்பாலும் முன்னது. ப்ரனவுன்ஸ் என்ற வினையிலிருந்து வரும் பெயர்ச்சொல் ப்ரனன்சியேஷன். நடுவே ‘நவுன்’ வராது. உச்சரிப்பைக் குறிக்கும் சொல்லையே தவறாக உச்சரிப்பவர்கள் ஏராளம், அதனால் இதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மணியோசைக்கு வருவோம். ரிங் எல்லாவற்றுக்கும் ஆகும். சைம் என்றால் சுருதி சேர்ந்த மணிகள் ராகமாக ஒலிப்பது. டோல் என்றால் ஒரே மணி நிறுத்தி நிறுத்தி, பெரும்பாலும் சாவுக்கு. ஜிங்கிள் என்றால் சாவிக்கொத்தும் சில்லறையும். கடிகாரம் மணி அடிப்பது ஸ்ட்ரைக். லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தில் இதை நேரே பார்க்கலாம்: கால் மணிக்கு ஒரு தரம் நான்கு சிறு மணிகள் சைம் செய்யும்; முழு மணியை ஸ்ட்ரைக் செய்வது பிக் பென். பிக் பென் என்பது அந்தப் பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் டவர் என்று பெயர்.

விலங்குகளில் நாம் பணக்காரர்கள். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், வண்டு முரலும் என்று ஒலி மரபைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மொழிபெயர்க்கும்போது மட்டும் அது காலை வாரும். நம் ஆந்தை அலறும். ஆங்கிலத்தில் பெரும்பாலான ஆந்தைகள் ஹூட் செய்யும், அதில் அச்சமூட்டும் அலறல் இல்லை. நம் மயில் அழகாக அகவும். அவர்கள் மயில் ஸ்கிரீம் செய்யும். நாய்க்கு வந்தால் அவர்கள் கை ஓங்கும். பார்க் குரைப்பு, க்ரவுல் உறுமல், ஸ்னார்ல் பல்லைக் காட்டி உறுமல், ஹவுல் ஊளை, யெல்ப் வாலை மிதித்தால் வரும் ஒற்றை வீறல், வைன் கதவைத் திறந்துவிடச் சொல்லும் நீண்ட முனகல். இதில் எதையும் ‘குரைத்தது’ என்று சுருக்கினால் நாயின் மனநிலை தெரியாமல் போய்விடும்.

எது எதன்மேல்

ஒரு தேங்காய் மரத்திலிருந்து விழுகிறது. மண்ணில் விழுந்தால் தொப்: ஆங்கிலத்தில் தட், தம்ப். தகரக் கூரையில் விழுந்தால் டமார்: பேங். கிணற்றில் விழுந்தால் தொபுக்: பிளாப், நீர் தெறித்தால் ஸ்பிளாஷ். சிமென்டுத் தரையில் விழுந்து பிளந்தால் படீர்: கிராக். விழுந்தது ஒரே காய், பட்ட இடம்தான் சொல்லை முடிவு செய்கிறது.

உலோகத்திலும் கண்ணாடியிலும் உயிரெழுத்தைக் கவனியுங்கள். கிளிங்க் என்பது இரண்டு கண்ணாடித் தம்ளர் இடிபடுவது. கிளாங்க் என்பது வாளி, சங்கிலி. கிளங்க் என்பது கனமான கார்க் கதவு சாத்துவது, ஒலி உடனே அடங்கிவிடும். இகரம் சிறியதற்கு, வாய் திறக்கத் திறக்கப் பெரியதற்கு. நம்மிடமும் இதே கணக்கு உண்டு: குழந்தை கையில் இருப்பது கிலுகிலுப்பை, ஊரே சிரித்தால் கலகல, கொலுசு கிணிகிணி, கோயில் மணி கணகண.

இன்னொரு நல்ல துப்பு சொல்லின் கடைசியில் இருக்கிறது. தமிழில் ‘படக்கென்று’ என்றால் ஒரு தரம், ‘படபடவென்று’ என்றால் பல தரம், இரட்டித்தால் தொடர்ச்சி. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல சொற்களில் கடைசி ‘ள்’ ஒலி செய்கிறது. கிராக் ஒரு தரம் வெடிப்பது, கிராக்கிள் காய்ந்த சுள்ளி எரியும்போது படபடவென்று வருவது. ஸ்னிஃப் ஒரு தரம் மோந்து பார்ப்பது, ஸ்னிஃபிள் சளி பிடித்தவர் உறிஞ்சிக்கொண்டே இருப்பது. ராட்டில், டிங்கிள், பாபிள் எல்லாம் இந்தச் சாயலில் கேட்பவை. பேருந்து ஜன்னல் லொடலொடப்பதற்கு ராட்டில். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து சுற்றிச் சுற்றி அடங்குவதற்குக் கிளாட்டர். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது என்றாலும், தெரியாத சொல் வரும்போது ஊகிக்க உதவும்.

கிரீக், ஸ்குவீக் இரண்டுக்கும் ‘கிறீச்’ என்று எழுதுகிறோம். இரண்டும் பிறப்பது ஒரே விதமாகத்தான்: ஒட்டிக்கொண்டு நின்ற பரப்பு திடீரென்று வழுக்கி, மறுபடி ஒட்டி, மறுபடி வழுக்குகிறது. பழைய கதவில் இது மெதுவாக நடந்து ஒலி இழுபட்டால் கிரீக். புதுச் செருப்பு மொசைக் தரையில் வேகமாக வழுக்கி ஒலி மேலே போனால் ஸ்குவீக்.

சமையல் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அடுப்பிலேயே அகராதி இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெடிப்பது பாப். சரமாக வெடித்தால் கிராக்கிள். இந்தியச் சமையல் புத்தகங்களில் கடுகுக்கு ஸ்பிளட்டர் என்றே வழக்கமாகிவிட்டது. எண்ணெய் தெறிப்பதையும் சேர்த்துச் சொல்வதால் அது நல்ல சொல்தான். வெங்காயம் போட்டதும் வருவது சிஸில்: நறுக்கிய பரப்பிலிருந்து நீர் விடாமல் ஆவியாவதால் ஒலி அறுபடாது. சிஸில் அடங்கிப் போனால் ஈரம் போய்விட்டது, வெங்காயம் நிறம் மாறத் தொடங்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் எழும் ‘சொய்ங்’ என்பதும் சிஸில்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஹிஸ். அப்பளம் கிரிஸ்ப், முறுக்கு கிரஞ்ச், வேர்க்கடலையை உட்கார்ந்து மெல்வது மஞ்ச்.

குக்கரிடம் மட்டும் இது செல்லாது. ‘மூன்று விசில்’ என்பதை ‘த்ரீ விசில்ஸ்’ என்று எழுதினால் இங்கே உள்ளவர்களுக்குப் புரியும். நம் குக்கரின் மேலே இருக்கும் எடை, அழுத்தம் ஏறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு ஆவியைச் சீறி வெளியே விடுவதால்தான் அந்த விசில். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் ஸ்பிரிங் வால்வு குக்கர்கள் அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும். எண்ணுவதற்கு விசிலே வராது. அங்கே இருப்பவருக்கு எழுதும்போது அழுத்தம் ஏறிய பிறகு எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள்.